பழைய தண்ணீர்

ஐஸ் பெட்டிக்காரன் சுவரோரம் குனிந்து மீன் தொட்டி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் தன்னுடைய தடித்த பிளக்கைச் செருகினான். பெட்டி ஒரு தடவை உதறிக்கொண்டு உறும ஆரம்பித்தது. தொட்டிக்குள் அதுவரை குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்த குமிழி நின்றுபோயிற்று.

அத்தனை கூட்டத்தில் அதைக் கவனித்தவள் தங்கமாரி ஒருத்திதான். புருஷனின் தலைமாட்டில் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

“எப்பா, அந்த பிளக்கு…” என்றாள்.

“பயப்படாதீங்கக்கா. இந்த வீட்ல லோடு தாங்குத பாயிண்ட்டு இது ஒண்ணுதான். நல்லாக் குளுரு ஏறும். சாயங்காலம் வரைக்கும் அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு அவன் வாசலில் செருப்பைத் தேடப் போய்விட்டான்.

ஒன்றும் ஆகாதாம். இனிமேல் அவருக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது? ஆக வேண்டியது விடியற்காலையிலேயே ஆகிவிட்டது. காப்பித் தம்ளரோடு அவள் வந்தபோது பூவனநாதன் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாக எழுந்ததும் அவருக்கு அதுதான் வேலை. டார்ச் அடித்து, மீன் மேலே புள்ளி குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். “காப்பி ஆறுது” என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பேட்டரி வீணாகிறதே என்று டார்ச்சை அணைக்கப் போய்க் கையைத் தொட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பூவனநாதன் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்குவதும், சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் வால்வு திறப்பதும் அவர் உத்தியோகம். கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருவதென்பது தீபாவளி, பொங்கல் வருகிற மாதிரி. ஆகவே அவரைப் பார்த்து யாரும் சௌக்கியமா என்று கேட்டதில்லை. “அண்ணாச்சி, எங்க தெருவுக்கு என்னைக்கு?” என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருப்பார், அப்போதும் கேட்பார்கள். வேலை முடிந்து வரும்போது சைக்கிள் மணி கேட்கும் முன்னாலேயே பிளீச்சிங் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். கல்யாணமான புதிதில் தங்கமாரிக்கு அந்த வாடை குமட்டிக்கொண்டு வரும். காக்கிச் சட்டையை இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. ரிட்டையர் ஆன பிறகுதான் அது போயிற்று.

வாடை போன கையோடு பிரஷர் வந்தது. மீன் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அமரும் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். சென்னையில் வேலை பார்க்கிற மகன் முத்துசெல்வம் பொங்கலுக்கு வந்தபோது தொட்டி, மோட்டார், கலர் கல், மீன் எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் தெருவுக்குத் தண்ணீர் வந்த அன்று இவர் என்ன செய்தார்? சுத்தக்காரர் அல்லவா, பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிறையப் பிடித்து ஊற்றினார். சாயங்காலத்துக்குள் அத்தனை மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

“பிளீச்சிங் போட்ட தண்ணிய அப்படியேவா ஊத்துனீங்க?” என்று மீன் கடைக்காரர் கேட்டதற்கு இவருக்கு வந்ததே கோபம்! “எந் தண்ணியத்தான ஊரே குடிச்சிக்கிட்டு இருக்கு? பச்சப்புள்ளைக்கு ஊத்துதாவ. மீனுக்கு மட்டும் என்ன கேடு?” என்று கடை வாசலிலேயே சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

அப்புறம் இறங்கி வந்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் திறந்துபோட்டு, வாடை போகிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை ஒருநாளும் மொத்தமாக மாற்றக் கூடாது. ஒரு செம்பு மோந்து கொட்டினால் ஒரு செம்பு ஊற்ற வேண்டும். “பழைய தண்ணியிலதாம்ட்டி அதுகளுக்குச் சீவன்” என்று, தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லுவார். மொட்டை மாடியில் மீனுக்கென்று தனியாக ஒரு டிரம் ஏறியது. ‘எனக்குக் குளிக்கத் தண்ணியக் காணோம், மீனுக்கு டிரம்மா!’ என்று தங்கமாரி ஆடித் தீர்த்தாள். அவர் காதில் வாங்கினால்தானே.

இரண்டாவதாக வாங்கிய மீன்களுக்குப் பெயரும் வைத்தார். பெரிய ஆரஞ்சு மீன் சேர்மன். கறுப்பு மீன் கமிஷனர். மற்றதெல்லாம் கவுன்சிலர்கள். “இத்தன வருசம் அவங்க கூப்பிட்ட நேரத்துக்கு நான் ஓடுனேம்லா. இனிமே நான் கூப்பிட்டா அவங்க ஓடி வரட்டும்” என்று விரலால் கண்ணாடியைத் தட்டுவார். சேர்மன் வாயைத் திறந்துகொண்டு ஓடிவருவார்.

அந்தச் சேர்மனுக்குத்தான் முதலில் உடம்புக்கு வந்தது. மேலெல்லாம் ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. செட்டையை ஒடுக்கிக்கொண்டு, கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, தீனியைத் திரும்பிப் பார்க்காமல் கிடந்தார். ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் பரவிற்று. பூவனநாதன் கல் உப்பைக் கரைத்து ஊற்றினார். சூடு வேண்டுமென்று தொட்டிக்கு மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டார். மோட்டார் மட்டும் நிற்கவே கூடாது, சூடு ஏறின தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நேற்றுச் சாயங்காலம் சேர்மன் ஒரு உருண்டைத் தீனியை வாயில் வாங்கித் துப்பினார். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வாய வச்சுட்டாரு பாத்தியா? நாளைக்கு ஒரு நாளத் தாண்டிட்டார்னா பொழச்சிருவாரு” என்றார்.

அந்த நாளை என்பது இன்றைக்கு.

தங்கமாரியால் உட்கார முடியவில்லை. காலை மாற்றிப் போட்டாள். வருகிறவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழும்போது அவர்கள் தோளுக்கு மேலே தொட்டியை எட்டிப் பார்த்தாள். குண்டு பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. இந்த வீட்டில் இன்றைக்கு இன்னொரு சாவு விழக் கூடாது, அது மீனாகவே இருந்தாலும் விழக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சுந்தரேஸ்வரியிடம் சொல்லிப் பார்த்தாள். “ஆகட்டும்க்கா, இந்தா பாக்குதேன்” என்று போனவள் யாருக்கோ காப்பி ஊற்றப் போய்விட்டாள்.

பூவனநாதனின் அக்கா பத்திரகாளி பசுவந்தனையிலிருந்து வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. உள்ளே வந்து தம்பி முகத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு தங்கமாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“மதினி” என்று தங்கமாரி அவள் காதுக்குள் சொன்னாள், “அந்த மோட்டார மாட்டச் சொல்லுங்க.”

பத்திரகாளி அழுகையை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். “என்ன மோட்டாருட்டி? எந் தம்பி இங்கன வெறச்சுப் போய்க் கெடக்கான், ஒனக்கு மோட்டாரா?” பிறகு மற்றப் பெண்களிடம், “இவளுக்குப் புத்தி பேதலிச்சுட்டு. ஒரு சொட்டுக் கண்ணீரு வரல பாருங்க. அழ வைங்கட்டி அவள” என்றாள்.

அழ வைக்க நாலு பேர் சேர்ந்து பாடுபட்டார்கள். தங்கமாரிக்கு அழுகை வரவில்லை.

வெயில் ஏறின பிறகு செல்லத்துரை மாலையோடு வந்தான். பூவனநாதனுக்குக் கீழே வேலை பழகி, இப்போது அவர் இடத்தில் வால்வு திறக்கிறவன். மாலையைப் பெட்டி மேலே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், “வீட்ல தண்ணி இருக்கா மதினி?” என்று கேட்டான்.

“எங்க இருக்கு? நம்ம தெருவுக்கு இன்னும் மொற வரலையே.”

அவன் தலையைத் தலையை ஆட்டினான். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்துக் குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. அப்புறம் தடதடவென்று சிமெண்ட் தரையில் தண்ணீர் விழுகிற சத்தம்.

ஒப்பாரி அந்த இடத்திலேயே நின்றது. “நல்லதண்ணி” என்று யாரோ ரகசியம்போலச் சொன்னார்கள். முதலில் கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். “பால் அடுப்புல இருக்கு” என்று இன்னொருத்தி எழுந்தாள். காலையிலிருந்து அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் சாக்குச் சொல்லவும் யாருக்கும் பொறுமையில்லை. எந்தத் தெருவில் சாவு விழுந்தால் என்ன, வந்த தண்ணீரை விட்டுவிட்டால் அடுத்து என்றைக்கோ? வாசலில் நின்ற ஆண்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். பத்திரகாளி மட்டும் தம்பியின் கால்மாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் வாழ்க்கைப்பட்டது உவர்த் தண்ணீர் ஊர். நல்ல தண்ணீர் சும்மா தரையில் கொட்டுகிற சத்தத்தை அவளால் எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? “வீணாப் போகுதே, ஒரு குடத்தயாவது வச்சுட்டு வாரேன்” என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

கூடத்தில் யாரும் இல்லை. ஐஸ் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

தங்கமாரி எழுந்தாள். ஒரு கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார் பிளக்கைத் தேடி எடுத்துச் செருகினாள். தொட்டியின் மூலையிலிருந்து குமிழி கிளம்பி மேலே ஏறிற்று.

பிளாஸ்டிக் நாற்காலியை யாரோ ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேர்மன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். செத்துவிட்டாரோ என்று கண்ணாடியைத் தட்டினாள். ஒரு செட்டை லேசாக அசைந்தது.

“கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுங்க” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். “ஒங்களுக்கு இனி மூச்சு வேண்டாம். அதுகளுக்கு வேணும்லா.”

முற்றத்தில் குடம் நிறைகிற சத்தம். தெரு முழுக்கக் குடங்கள் மோதுகிற சத்தம்.

“தண்ணி வருது, கேக்குதா? மொற இல்லாத நாளு. செல்லத்துரை தொறந்துவிட்டுட்டான். ஒங்க பேரச் சொல்லித்தான் தெருவே புடிக்குது. நம்ம தெருவுக்கு ஒரு நாள் கூடுதலாத் தொறந்துவிடுங்கன்னு எத்தன வருசம் கெஞ்சியிருப்பேன். செஞ்சீங்களா நீங்க? மொறன்னா மொறம்பீய…”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பத்திரகாளி சேலை நனைய உள்ளே வந்தபோது பெட்டிச் சத்தம் இல்லை, குமிழிச் சத்தம் இருந்தது. புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அடி பாவி! எந் தம்பியப் புழுங்கப் போட்டுட்டு மீனுக்குக் கரண்டா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பியிருந்த செல்லத்துரை சத்தம் கேட்டு உள்ளே வந்து இரண்டு பிளக்கையும் பார்த்தான், தங்கமாரியின் முகத்தையும் பார்த்தான். சுந்தரேஸ்வரி வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்துக் கொண்டுவந்து மோட்டாருக்குக் கொடுத்தான். பெட்டி மறுபடியும் உறுமியது.

முத்துசெல்வம் வெயில் தாழ்ந்த பிறகு காரில் வந்து சேர்ந்தான். நீர்மாலை எடுக்கப் போனார்கள். சங்கும் சேகண்டியும் முன்னால் போக, மாமன் மச்சான்மார் தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடிக்க, மகன் ஈர வேட்டியோடு குடம் சுமந்து வந்தான். பூவனநாதனை நடுவாசலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். ஊற்றிய தண்ணீரில் பிளீச்சிங் வாடை கும்மென்று அடித்தது. தங்கமாரிக்குச் செய்ய வேண்டியதையும் செய்தார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள். தெருத் திரும்பி வெடிச் சத்தம் ஓய்கிற வரைக்கும் பெண்கள் வாசலில் நின்றார்கள்.

வீட்டைக் கழுவிவிடும் வேலை பத்திரகாளி கைக்கு வந்தது. “வீட்ல இருந்த தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அம்புட்டையும் கொட்டணும். தீட்டுத் தண்ணி” என்று உத்தரவு போட்டாள். மொட்டை மாடிக்கு ஏறினவர்கள் முதலில் அங்கே இருந்த டிரம்மைக் கவிழ்த்தார்கள். தூம்பு வழியாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டபோதுதான் மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த தங்கமாரிக்கு அது மீன் டிரம் என்று உறைத்தது. வாடை போன தண்ணீர் அவ்வளவும் சாக்கடைக்குப் போய்விட்டது.

அடுத்ததாகப் பத்திரகாளி வாளியோடு தொட்டி முன்னால் வந்து நின்றாள். “இதயும் எறச்சிருவோம்” என்றாள்.

“மதினி, வேண்டாம். பழைய தண்ணிய எறச்சா அதுக செத்துப்போகும்.”

“புதுத் தண்ணி ஊத்திக்கிடலாம்ட்டி. அதான் கெடக்கே டிரம்மு டிரம்மா.”

“புதுத் தண்ணியிலயும் செத்துப்போகும். ஒங்க தம்பி ஒரு தடவ ஊத்திப் பாத்துட்டாவ.”

“நல்ல கூத்தா இருக்கே! வீட்டுக்குத் தீட்டுன்னா மீனுக்குத் தனிச் சட்டமா?” பத்திரகாளி வாளியைத் தொட்டிக்குள் இறக்கப் போனாள்.

தங்கமாரி முற்றத்தைப் பார்த்தாள். டிரம்மும் அண்டாவும் குடமும் தவலையும் தளும்பத் தளும்ப நின்றன. ஒரு குடம் வைக்க என்று ஓடிய பத்திரகாளி, குழாய் நிற்கிற வரைக்கும் நகரவில்லை. சமையல் சட்டியைக்கூட விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

“சரி, கொட்டுங்க மதினி” என்றாள் தங்கமாரி. “மொதல்ல அதக் கொட்டிட்டு அப்புறம் இதுக்கு வாங்க.”

“அது புதுசுலாட்டி. இன்னைக்குப் புடிச்சது.”

“புடிக்கும்போது அவிய உள்ளதான இருந்தாவ?”

துடைப்பச் சத்தம் நின்றது. பெண்கள் எல்லோரும் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிணம் கூடத்தில் கிடக்கும்போது பிடித்த தண்ணீர், தீட்டுத் தண்ணீரில் முதல் தரம். பிடித்தது பத்திரகாளி கை. அவள் மெதுவாகப் போய் டிரம் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி கிடந்தது. அதைக் கவிழ்க்கிற தைரியம் பசுவந்தனைக்காரிக்கு எங்கேயிருந்து வரும்?

“ஒவ்வொண்ணுலயும் ஒரு செம்பு மோந்து வெளிய ஊத்துனாப் போதும்” என்றாள் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல். “சாத்திரத்துக்கு அது போதும்.”

சுந்தரேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிரம்மில் ஒரு செம்பு, அண்டாவில் ஒரு செம்பு, சட்டியில் ஒரு செம்பு என்று எடுத்து வாசலில் ஊற்றி முடித்துவிட்டுப் பத்திரகாளி தொட்டிக்கு வந்தாள். “இதுலயும் ஒண்ணு எடுத்துருதேன். கொற இருக்கக் கூடாது.”

“அடியில அழுக்குக் கெடக்குலா, அங்கன மோருங்க. அவிய அப்படித்தான் எடுப்பாவ.”

பத்திரகாளி செம்போடு கையை உள்ளே விட்டாள். வளையல் கண்ணாடியில் பட்டு டக்கென்றது. அதுவரை கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த ஆரஞ்சு மீன் தள்ளாடிக்கொண்டு அவள் கைக்கு வந்தது.

“ஏட்டி, கடிக்குமா?”

“சேர்மன் யாரையும் கடிக்க மாட்டாரு.”

“யாரு?”

“சேர்மன். அந்தக் கறுப்பு கமிஷனரு. அவியதான் பேரு வச்சாவ.”

பத்திரகாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கிறுக்குப்பய” என்றாள். “சின்னதுலயே இப்படித்தான், வாத்தியாரு பேரக் கோழிக்கு வச்சு அடிவாங்குனான். கிறுக்குப்பய…” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிற்று. கையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே தம்பிக்காக அழுதாள். தங்கமாரி எழுந்து வந்து அவள் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

ஒரு செம்பு எடுத்தால் ஒரு செம்பு ஊற்ற வேண்டும். மாடி டிரம் காலி. தங்கமாரி முற்றத்து டிரம்மில் ஒரு செம்பு மோந்து கொண்டுவந்து, தான் படுக்கிற பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் டார்ச்சை எடுத்துத் தொட்டிக்குள் அடித்துப் பார்த்தாள். ஒரு கவுன்சிலர் போய்விட்டார். சேர்மன் இருந்தார். தீனியைப் போட்டதும் வாங்கினார், துப்பவில்லை.

“என்னம்மா, செம்ப மூடாமப் போட்டுருக்க? தூசி விழும்” என்றான் முத்துசெல்வம்.

“வாடை போகணும்லா.”

அன்று அவள் பல தடவை அந்தச் செம்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து முகர்ந்தாள். காக்கிச் சட்டை வாடை. சாயங்காலம் கொஞ்சம் குறைந்திருந்தது. படுக்கும்போதும் இருந்தது.

அதற்கடுத்த நாள் முகர்ந்தபோது ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் முகர்ந்தாள்.

“போயிட்டாம்மா?” என்று மகன் கேட்டான்.

“போயிட்டு” என்றாள்.

தொட்டியில் மெதுவாக, மீன்கள் பயப்படாதபடி, ஓரமாக ஊற்றினாள். பிறகு முற்றத்துக்குப் போய் டிரம்மின் மூடியைத் திறந்தாள். அடைந்து கிடந்த வாடை முகத்தில் அடித்தது. செம்பை முக்கி நிறைய மோந்து கொண்டுவந்து, பாய்க்குப் பக்கத்தில், அதே இடத்தில் வைத்தாள். மூடவில்லை.